எண்ணூர் டீக்கடையில் கைமாறும் அலாரம்

வடசென்னைத் தொழிற்சாலைகளுக்கு ஆய்வுக்குப் போகிறவர்கள் அடிக்கடி வழி கேட்கிறீர்கள். போன மாதம் எண்ணூரில் ஒரு ரசாயனக் கிடங்குக்குப் பாதுகாப்பு ஆய்வுக்காகப் போய்வந்தேன். கூட வந்தவள் ஸ்டெல்லா, ராயபுரத்துப் பெண், எனக்கு ஜூனியர். அடுத்த ஆய்வுக் குழுவுக்கு எங்கள் இருவரில் ஒருவர்தான் தலைமை என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். கிளம்பும்போதே எனக்கு வயிறு எரிந்தது.

ராயபுரத்தில் காலையில் கும்மிடிப்பூண்டி ரயில் பிடியுங்கள். டிக்கெட் பத்து ரூபாய். திருவொற்றியூர் தாண்டியதும் மூக்கு தானாகச் சுருங்கும், பழகிவிடும். எண்ணூரில் இறங்கினால் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

கன்ட்ரோல் ரூமில் நான் எதைக் கேட்டாலும் ஆபரேட்டர் தாஸ், "எல்லாம் கரெக்டா கீது சார்" என்றான். மதியம் ஷிப்ட் மாறும் நேரத்தில் ஸ்டெல்லாவைக் காணோம். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றிருந்தாள். என்னிடம் வாய் திறக்காத அதே தாஸ் அவளிடம் கொட்டிக்கொண்டிருந்தான்.

"டேங்க் ரொம்பாமலே அந்த அலாரம் கத்திகினே கீதுக்கா. அமுக்கி வுட்டுட்டு, அடுத்த ஷிப்ட் ஆளாண்ட இங்கியே சொல்லிடுவோம்."

"டீ குடிக்க வராதவன் டூட்டிக்கு வந்தா?"

தாஸ் கிளாஸைக் கீழே வைத்தான். "அத்த நெனைக்கவே இல்லக்கா."

டீக்கடைக்கு வராத அந்த ஆளுக்கு அலாரம் ஊமையாக இருப்பதே தெரியாது. டேங்க் நிஜமாகவே நிரம்பி வழிந்தாலும் தெரியாது. இந்தக் கேள்வி எனக்குத் தோன்றாமல் அவளுக்குத் தோன்றியதே என்று பற்றிக்கொண்டு வந்தது.

மாலைக் கூட்டத்தில் ஸ்டெல்லா விஷயத்தைச் சொன்னதும் கிடங்கு மேனேஜர் முகம் சிவந்தது. "யார் சொன்னது? பேரைச் சொல்லுங்க."

அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். அவர் என் பக்கம் திரும்பினார். தாஸின் பெயர் என் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் அவன் வேலை போகும். அதன்பிறகு ஸ்டெல்லாவிடமும் எவனும் பேசமாட்டான். அது எனக்கு லாபம் என்பதையும் நான் நினைத்துப் பார்த்தேன், ஒளிப்பானேன்.

"யாரும் சொல்லல சார். பேனல்ல நானே பார்த்தேன்" என்றேன்.

"அனுபவம்னா அனுபவம்தான்" என்று மேனேஜர் கைகொடுத்தார்.

போகிறவர்களுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஷூ கட்டாயம், தண்ணீர் எடுத்துப் போங்கள். கன்ட்ரோல் ரூமுக்கு முன்னால் டீக்கடைக்குப் போங்கள். பெயர் மட்டும் கேட்காதீர்கள்.

தலைமைப் பொறுப்பு எனக்கு வந்தது, அந்த அலாரத்தைக் கண்டுபிடித்ததற்காக. முதலில் வந்து கைகொடுத்தவள் ஸ்டெல்லா. "தாஸைக் காப்பாத்திட்டீங்க சார், அது போதும் எனக்கு" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அவளால் அப்படிச் சொல்ல முடிந்ததே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.