தண்ணீர் கட்டுகிறவனுக்கு வந்த அவசரம்

உப்பளத்தில் ஒதுங்குவதற்கு இடம் கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை பாத்தி, பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே ஒற்றையாள் நடக்கிற வரப்பு, அங்கங்கே வெள்ளைக் குவியல். மரம் இல்லை, புதர் இல்லை. ஒருவன் தும்மினால்கூட பத்துப் பாத்திக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

அங்கே எனக்குத் தண்ணீர் கட்டுகிற வேலை. கால்வாயில் வருகிற உப்புத்தண்ணீரை என்ஜின் வைத்து ஏற்றி, எந்தப் பாத்திக்கு எவ்வளவு என்று பார்த்து மடை திறந்து அடைக்க வேண்டும். முப்பது வருஷம் அதைத்தான் செய்தேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு அடுத்த கோடையில், அறுபதைத் தாண்டிய வயசில், எனக்கு அந்தத் தொல்லை ஆரம்பித்தது. முதலில் ஒரு மணிக்கு ஒரு தடவை ஒன்றுக்கு வந்தது. பிறகு அரை மணிக்கு ஒரு தடவை. வருகிறது என்று தெரிந்தால் அப்புறம் எண்ணுவதற்கு நேரம் கிடையாது. டீக்கடையில் என்னோடு உட்காருகிற கூட்டாளி ஒருத்தன், என்னைவிட நன்றாகச் சொன்னான்: "உனக்கு ஒண்ணுக்கு வரலப்பா, சம்மன் வருது." அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவே அன்றைக்கு அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

எல்லாவற்றிலும் மோசம் என்ஜின்தான். குழாயிலிருந்து தண்ணீர் கொடகொடவென்று விழ ஆரம்பித்ததும், அந்தச் சத்தம் கேட்டே எனக்கு முட்டிக்கொண்டு வந்துவிடும். என்ஜினைப் போடாமல் தண்ணீர் கட்ட முடியுமா?

பாத்திக்குள் யாரும் ஒன்றுக்குப் போக மாட்டோம். நாலு பேர் வாய்க்குப் போகிற பொருள் என்பார்கள் எங்கள் ஆட்கள். அளத்தைச் சுற்றியிருக்கிற வெளிக்கரை வரை போகவேண்டும். வேகமாக நடந்தாலும் கால் மணி நேரம். அதனால் நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். காலையில் டீ மட்டும். மதியம் வீட்டுக்குப் போகிற வரை தண்ணீரைத் தொடுவதில்லை. அந்த வெயிலில்! சிறுநீர் மஞ்சளாகி, எரிச்சல் வந்து, அவசரம் இரண்டு பங்கானது. உடம்பு சூடு என்று நினைத்துக்கொண்டேன்.

சர்க்கரையாக இருக்கப்போகிறது, போன இடத்தில் எறும்பு மொய்க்கிறதா பார் என்றான் கூட்டாளி. வெளிக்கரையில் இரண்டு நாள் குனிந்து குனிந்து பார்த்தேன். ஒரு எறும்பு இல்லை. மனசு நிறைந்து, அன்றைக்கு டீயில் சர்க்கரை கூடவே போடச் சொன்னேன்.

அப்புறம் அந்த நாள் வந்தது. என்ஜினைப் போட்டேன், தண்ணீர் விழுந்தது, சம்மன் வந்தது. வெளிக்கரையைப் பார்த்து வரப்பில் ஓடினேன். பாதி தூரத்தில் வேட்டி நனைந்துவிட்டது. எதிரே பாத்தியில் உப்பு வாருகிற பெண்கள் எட்டுப் பேர். எனக்கு என்ன தோன்றியதோ, வழுக்கி விழுந்தவன் மாதிரி பக்கத்துப் பாத்தியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இடுப்பு வரை நனைந்தால் எது எந்தத் தண்ணீர் என்று யாருக்குத் தெரியும்? பூத்து வந்திருந்த உப்பெல்லாம் என் அடியில் நொறுங்கியது. பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டில் மனைவியிடம், வயசாகிவிட்டது, வேலையிலிருந்து நின்றுகொள்ளப் போகிறேன், நாளைக்கு முதலாளியிடம் சொல்லிவிடுவேன் என்றேன். அவள் வேட்டியை வாங்கி அலசிப் போட்டாள். 

மறுநாள் முதலாளி வரும்வரை என்ஜின் கொட்டாயில் உட்கார்ந்திருந்தேன். உப்பு வாருகிறவர்களில் மூத்தவள், என் வயசை ஒட்டியவள், உப்பு வாருகிற பலகையைக் கீழே வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நீங்க வழுக்கி விழலன்னு எனக்குத் தெரியும்."

நான் என்ஜினைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"முப்பது வருஷமா இந்த வரப்புல நடக்குற ஆளு. நேத்து மட்டும் எப்படி வழுக்கும்? தண்ணி குடிக்கறத வுட்டுட்டீங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"நாங்க வயசுக்கு வந்த நாள்லேர்ந்து அப்படித்தான் ஓட்டுறோம். எங்கண்ணே ஒதுங்குறது? மதியம் வரைக்கும் வாய நனைக்கிறதில்ல. எனக்கு ரெண்டு தடவ கல்லடைப்பு. இவளுங்கள்ல பாதிப் பேருக்கு எரிச்சல். நாங்க செய்யிற முட்டாள்தனத்த நீங்களும் செய்யாதீங்க. போயி டாக்டரப் பாருங்க, அப்புறம் வேலைய வுடுங்க."

முப்பது வருஷம் அந்தப் பெண்களோடு வேலை செய்திருக்கிறேன். அவர்கள் எப்போது தண்ணீர் குடித்தார்கள் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. அன்றைக்கு முதலாளி வந்தபோது, இரண்டு நாள் லீவு மட்டும் கேட்டேன்.

நானும் மனைவியும் டாக்டரைப் பார்க்கப் பாண்டிக்கு பஸ் ஏறினோம். கீழ்புத்துப்பட்டில் என்னால் அடக்க முடியவில்லை, இறங்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மனைவியும் பையோடு இறங்கி நிற்கிறாள். அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் அவள் என்னிடம் வெயிலைப் பற்றியும் முருங்கைக்காயைப் பற்றியும்தான் பேசினாள். அந்தப் பேச்சுக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். எறும்புக் கதையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். "உப்புத் தரையில எறும்புக்கு என்னய்யா வேலை?" என்றார். சர்க்கரை, சிறுநீர், புராஸ்டேட் எல்லாம் பார்த்தார். சர்க்கரை இல்லை. புராஸ்டேட் வயசுக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் வீங்கியிருந்தது, பயப்படும்படி இல்லை. மூத்திரப்பை நிறைவதற்கு முன்பே சுருங்கிக்கொள்கிறது, அதற்குப் பொறுமையைப் பழக்க வேண்டும் என்றார். தண்ணீரை நிறுத்தினால் சிறுநீர் கெட்டியாகிப் பையை இன்னும் கிளறிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கணும், டீயைக் குறைக்கணும். எப்போது போகிறேன் என்று எழுதி வைக்கணும். ஒரு மாத்திரையும் கொடுத்தார். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது:

"அவசரம் வந்தா ஓடாதீங்க. நில்லுங்க. வயித்துக் காத்த அடக்குற மாதிரி கீழ இறுக்கிப் பிடிங்க, விடுங்க, மறுபடி பிடிங்க. அலை மாதிரி வரும், இறங்கும். இறங்கினப்புறம் மெதுவா நடந்து போங்க."

கேலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். என்ஜின் சத்தம் கேட்டதும் நிற்பேன், பிடிப்பேன், விடுவேன். முதல் வாரம் தோற்றேன். இரண்டாவது வாரம் பாதி தோற்றேன். ஒரு மாதம் போனபோது அரை மணி ஒரு மணியாகி, ஒன்றரை மணியானது. பழையபடி ஆகவில்லை, அப்படி ஆகும் என்று டாக்டரும் சொல்லவில்லை.

ஆனாலும் வெளிக்கரை வெளிக்கரைதானே. முதலாளியிடம் போய், என்ஜின் கொட்டாய்க்குப் பின்னால், பாத்தி இல்லாத மேட்டில் குழி எடுத்து இரண்டு கீற்றுத் தட்டி மறைப்புக் கட்டித் தரவேண்டும் என்று கேட்டேன். யாருக்கு என்றார். பொம்பளைங்களுக்கு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"ஒண்ணு எனக்குங்க. என்னால அடக்க முடியல. இன்னொண்ணு அவங்களுக்கு. அவங்க இத்தன வருஷமா அடக்கினது போதும்."

 அவர், பொம்பளைங்களுதுக்குக் கதவு வைங்க என்று மட்டும் சொன்னார்.

தட்டி கட்டிய மறுநாள் காலை, வெயில் ஏறுகிற நேரம். மூத்தவள் வரப்பேறி வந்து, கொட்டாயிலிருந்த குடத்தில் ஒரு சொம்பு மொண்டு, அங்கேயே நின்று அண்ணாந்து முழுசும் குடித்தாள். முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு மற்றவர்களைக் கூப்பிட்டாள். ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வந்தார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் குடம் காலி. அடுத்த குடத்துக்கு நான் கிளம்பினேன்.