ஊற்றாத தண்ணீர்

மரியஜோசப்புக்கு மைன்ஸில் தண்ணீர் இறைக்கிற வேலை. நிலக்கரிக்கு அடியில் ஊற்று முட்டிக்கொண்டு நிற்கும்; பம்பு ஓயாமல் ஓட வேண்டும். ஷிஃப்டில் சொன்னதைச் செய்வார், சொல்லாததைத் தொடமாட்டார். “ஜோசப்பா? கோடு கிழிச்சுட்டா அதுலயே நிப்பாரு” என்று கூட வேலை பார்க்கும் கருப்பசாமி கிண்டலடிப்பார். கோயிலிலும் அதே பேர்தான். கீழ்ப்படிதலைப் பற்றிப் பிரசங்கம் வந்தால் பக்கத்து பெஞ்சுக்காரர்கள் இவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். இவர் தரையைப் பார்ப்பார்.

காண்ட்ராக்ட் ஆளாகக் காடாம்புலியூரில் குடியிருந்த காலத்தில் முதல் பெண் பிறந்தாள். வீட்டுப் பிரசவம். குழந்தை பிறந்ததிலிருந்தே மூச்சு இழுத்தது. மனைவி லூர்துமேரி படுத்தபடியே கெஞ்சினாள்.

“நீங்களே தலையில தண்ணி ஊத்திடுங்களேன். புள்ள போய்கினு இருக்குதுங்க.”

செம்பு கையில்தான் இருந்தது. ஞானஸ்நானம் சாமியார் கொடுப்பது, மற்றவன் கை வைத்தால் பாவம் என்று நம்பிய மனுஷன் அவர். “சாமியார் வராம செய்யக்கூடாது மேரி” என்று செம்பைக் கீழே வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தார். சாமியார் வெளியூர் போயிருந்தார். வந்துவிடுவார் என்று கோயில் வாசலிலேயே காத்து நின்றார். சாமியார் வரவில்லை, வீட்டிலிருந்து ஆள் வந்தது.

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார் உபதேசியார். மரியஜோசப் அதற்கும் தலையாட்டினார். மதில் சுவருக்கு வெளியே ஒரு முந்திரி மரத்தடியில் புதைத்தார்கள். வினோலியா என்று பேர் பார்த்து வைத்திருந்தார்கள். தண்ணீர் ஊற்றாததால் பேரும் வைக்கவில்லை. அப்புறம் அந்தப் பேரை அந்த வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை.

வேலை பெர்மனன்ட் ஆகி, மைன்ஸ் ஆட்களுக்கான நகரியத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்து, மகன் ஜெபின் பிறந்தான். அவன் ஞானஸ்நானத்துக்கு முன்னால் பெற்றோருக்கு நடந்த வகுப்பில், உயிருக்கு ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் ஊற்றலாம், கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை என்று ஃபாதர் போகிற போக்கில் சொன்னார்.

“இது புதுச் சட்டமாங்க ஃபாதர்?” என்று மரியஜோசப் கேட்டார்.

“இல்லீங்க, ரொம்பக் காலமா இருக்கறதுதான்.”

லூர்துமேரி கணவர் பக்கம் திரும்பவே இல்லை. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

அன்றிலிருந்து பம்பு சத்தத்துக்குள் ஒரு குழந்தை மூச்சு இழுப்பது கேட்க ஆரம்பித்தது. நிறுத்திவிட்டுக் கவனித்துக் கேட்கலாம் என்றால் பம்பை நிறுத்த முடியாது. பச்சைப்பிள்ளைகளை ஆண்டவர் கைவிடமாட்டார் என்று வந்த சாமியார்களெல்லாம் ஆறுதல் சொன்னார்கள். நம்பத்தான் ஆசைப்பட்டார். ஆனால் மதிலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தது ஆண்டவர் இல்லையே, இவர்தானே.

இந்த வருஷம் ஜெபின் மனைவி எழில்மதிக்கு ஏழாம் மாதமே வலி கண்டுவிட்டது. பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் கைப்பிடி அளவு கிடந்தது. டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. ஜெபின் பதறிப்போய் ஃபாதருக்குப் போன் போட்டான். அவர் கடலூரில் இருந்தார், உடனே கிளம்புவதாகச் சொன்னார்.

“ஃபாதர் வந்துரட்டும்ப்பா” என்றான் ஜெபின். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை.

லூர்துமேரி இந்தத் தடவை கெஞ்சவில்லை. கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்குள் குழந்தையின் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. பம்பு இல்லாத இடத்தில் அவருக்கு அந்த மூச்சுச் சத்தம் கேட்டது.

“கொஞ்சம் சுத்தமான தண்ணி குடும்மா” என்று நர்ஸ் செங்கமலத்திடம் கை நீட்டினார். அவள் சிரிஞ்சில் எடுத்துக் கொடுத்து, பெட்டியின் சின்னக் கதவைத் திறந்துவிட்டாள். அந்தச் சின்னத் தலையில் தண்ணீர் வழிய விட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னார். ஜெப்ரின் என்றுதான் பேர் பேசி வைத்திருந்தார்கள். அவர் வாயில் வந்தது வினோலியா.

ஃபாதர் வந்ததும் மரியஜோசப் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “வேற பேரு சொல்லிட்டேன் ஃபாதர். நீங்க சரியா இன்னொரு தடவ ஊத்திடுங்க.”

“ஒரு தடவை ஊத்தினா ஊத்தினதுதாங்க. ரெண்டாவது தடவை கிடையாது.”

அதுவரை கல்லாக நின்ற லூர்துமேரி அப்போதுதான் உடைந்தாள். “அவளுக்குன்னு இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் எடுத்துக் குடுத்துட்டீங்களே!”



பேத்தி பிழைத்துக்கொண்டாள். இப்போது குவார்ட்டர்ஸில் அவளுக்குத் தொட்டில் கட்டியிருக்கிறார்கள். முதலில் அந்தப் பேரைச் சொல்லாமலிருந்த லூர்துமேரிதான் இன்று எல்லோரையும் விட உரக்கக் கூப்பிடுகிறாள், “வினோலியா! ஏய், வினோலியா!” என்று. ஒவ்வொரு தடவையும் மரியஜோசப்பின் தலை காடாம்புலியூர் பக்கம் பார்த்த ஜன்னலுக்குத்தான் திரும்புகிறது. ஏதாவது குரல் வருகிறதா என்று கொஞ்ச நேரம் பார்க்கிறார். அப்புறம்தான் தொட்டிலுக்குப் போகிறார்.