மானாப்புல் மேட்டில் சறுக்குப் பலகை

மலை ஏறச் சொல்லிக்கொடுப்பவனுக்குக் கும்பிடு கிடைக்கும். இறங்கச் சொல்லிக்கொடுப்பவனுக்குத் திட்டுதான் கிடைக்கும். நான் இரண்டாம் ரகம். அடுத்தவர் விழும்போது சிரிக்காமல் நின்று சம்பளம் வாங்கும் புண்ணியவான்களே, உங்களுக்கு இது புரியும்.

எழுபதுகளில், இலங்கைக்கு வெளிநாட்டுச் சாமான் வராத காலம். பசறை ரோட்டில் விடுதி நடத்திய எங்கள் முதலாளி, பழைய காலண்டர் ஒன்றில் பனிச்சறுக்குப் படத்தைப் பார்த்துவிட்டார். பதுளையில் பனிக்கு எங்கே போவது? விடுதிக்குப் பின்னால் மானாப்புல் மேடு இருந்தது. புல்லை வெட்டிக் காயவிட்டால் வெண்ணெயாக வழுக்கும். தேயிலைப் பெட்டிப் பலகையில் மெழுகு தேய்த்தோம். காலோடு கட்டச் சைக்கிள் டியூப். ‘புதியவர்களுக்கு ஏற்றது, கட்டணம் குறைவு’ என்று போர்டும் மாட்டியாயிற்று. எனக்கு மட்டும் ஒரு நிபந்தனை. சித்திரை விடுமுறை முடியும்வரை மேட்டில் ஒரு விருந்தாளிக்கும் எலும்பு முறியாவிட்டால் வேலை நிரந்தரம் என்று முதலாளி கையெழுத்துப் போட்டுக் கடிதம் தருவார். முறிந்தால் மறுபடி தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கலாம்.

பூசை

புது லொறிக்குச் செய்வதுபோல் பலகைக்கும் பூசை. அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, முதல் விருந்தாளியான கொழும்பு அதிகாரியை மேலே நிற்கவைத்தார் முதலாளி. லொறிக்கு பிரேக் உண்டு, பலகைக்கு இல்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. பூசாரி தீக்குச்சியை உரசினார். பழம் நசுங்காமல் உருண்டது, அதிகாரி புறப்பட்டுவிட்டார். அடிவாரத்தில் அடுக்கிய வைக்கோல் சாக்குகளுக்கு நடுவே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. நல்லவேளை, முழுசான கால்கள். பூசாரி கற்பூரத் தட்டோடு என்னைக் கேட்டார்: “தம்பி, தீபாராதனைய இங்க காட்டவா, கீழ போய்க் காட்டவா?”

ஏற்றம்

வெளிநாட்டில் ஆட்களை மேலே இழுத்துப்போகக் கம்பி இருக்குமாம். இங்கே கம்பி நான்தான். பருத்த சட்டத்தரணி ஒருவர் என் இடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி வந்தார். பாதி மேட்டில் எனக்கு நாக்குத் தள்ளியது. அவர் பெருந்தன்மையாகச் சொன்னார்: “அவசரமில்ல தம்பி, எனக்குக் களைப்பே இல்ல.”

அரைப்பேர்

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கப் போகும் தோட்டத்துப் பெண்கள் எங்கள் மேட்டைக் கடந்துதான் போவார்கள். ஒருநாள் கொழும்பு அம்மா ஒருவர் உருண்டு புரண்டு எழுந்து, “என்ன சுகம்!” என்றார். முதலாளி சொல்லிவைத்தபடி நான் கைதட்டினேன். கூடையோடு நின்ற ராக்கு அக்கா சொன்னாள்: “நாங்க மழையில வழுக்கி விழுந்து கொழுந்து சிந்துனா, கங்காணி அரைப்பேரு போட்டுப் பாதிச் சம்பளத்த வெட்டுறாரு. இங்க விழுந்தா கைதட்டா? நாளைக்கு எங்களையும் இங்கயே விழ விடுடா, தம்பி!”

கடைசி நாள்

விடுமுறை முடியும் அன்று மாலைவரை ஒரு விரல்கூட முறியவில்லை. கடிதம் கைக்கு வந்த மாதிரிதான். அப்போது முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடேறினார்.

“ஊரே சறுக்குது, மொதலாளி சறுக்கலன்னா எவன் மதிப்பான்? கட்டுடா டியூப!”

“வேணாங்க மொதலாளி” என்று காலைப் பிடித்துக் கெஞ்சினேன். டியூப் கட்டவும் அந்தக் காலைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. வைக்கோல் சாக்கை விட்டுவிட்டு நேராகக் கொய்யா மரத்துக்குப் போனார். வலது கை முறிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வேனில், மெல்லக் கேட்டேன்: “முறிஞ்சது விருந்தாளிக்கு இல்லைங்களே... என் வேலை?”

வலியிலும் அவருக்கு வியாபாரம் மறக்கவில்லை. “நிரந்தரந்தான்டா, யாரு இல்லன்னா? ஆனா கடுதாசியில கையெழுத்துப் போடுற கை இதாச்சே!”

அந்தக் கை கூடி, கல்லாவில் உட்கார்ந்து காசு வாங்கவும் தொடங்கிவிட்டது. கையெழுத்துப் போடும் பலம் மட்டும் கடைசிவரை அதற்கு வரவில்லை.