வாய்க்காலில் விட்ட வேலி

எண்பத்தைந்து, எண்பத்தாறு வாக்கில் சுரக்குடி முத்தையனைக் கொல்லை வேலைக்குக் கூப்பிடுவதென்றால் யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள். வேலி வெட்டுவதிலும் கிளை கழிப்பதிலும் அவரைக் குறை சொல்ல முடியாது. வெட்டிப் போட்டதை அவர் ஒழித்துக்கட்டுவதற்குள்தான் வீட்டுக்காரர்களுக்கு உயிர் போய்விடும். பூவரசந்தழையும் வேப்பந்தழையும் வயலில் போட்டு மிதிக்க ஒரு பக்கம், முள் ஒரு பக்கம், விறகு ஒரு பக்கம், சருகு குப்பைக்குழிக்கு. இதுகூடப் பரவாயில்லை. நெய்வேலிக் காட்டாமணக்கு என்றால் மட்டும் மனுஷன் ஒரு குச்சியைக்கூட மண்ணில் படவிட மாட்டார். நாலு கல்லை வைத்து, மூங்கிலைப் பரப்பி, அதன்மேல் அடுக்கிவிட்டுப் போவார். வாரம் ஒருமுறை வந்து ஒரு குச்சியை ஒடித்துப் பார்ப்பார். வளைந்தால் பேசாமல் திரும்பிவிடுவார். படக்கென்று ஒடிந்தால்தான் அடுப்புக்குக் கொடுப்பார்.

"பாம்பு வந்து குடியேறப் போவுதுய்யா. எடுத்து வாய்க்கால்ல தள்ளிட்டுப் போயேன்" என்று திருநள்ளாற்றில் லாட்ஜ் வைத்திருந்த ராஜம் அம்மாள் தலையில் அடித்துக்கொள்வார்.

"பாம்பு வந்தா நான் அடிக்கிறேங்க. வாய்க்கால்ல மட்டும் போடச் சொல்லாதீங்க" என்பார் முத்தையன். அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது.

கிறுக்கு என்றார்கள். கிறுக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே அதிகமாக வாய்க்காலில் போட்ட ஆள் அவர்தான்.

எழுபத்தேழில் அடித்த புயலில் ஊரில் ஒரு வேலி மிஞ்சவில்லை. கண்ட மாடும் கொல்லைக்குள் நுழைந்தது. பூவரசங்கிளையை நட்டு வேலி கட்டினால் அடைப்பதற்கு இரண்டு வருஷம் ஆகும். அதுவரை கத்தரியும் வெண்டையும் மாட்டுக்குத்தான். முத்தையன் எங்கிருந்தோ காட்டாமணக்குக் குச்சிகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார். சும்மா ஒடித்துச் செருகினால் போதும், ஒரு மாதத்தில் இடுப்பளவு. ஆடு வாய் வைக்காது. ஊதாப் பூ வேறு பூக்கும். ஊரே அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. வீட்டுக்கு வீடு அதே வேலி. கிழக்கே மூன்று மைல் தள்ளிக் கட்டிக்கொடுத்த மகள் செல்லம்மா வீட்டுக்கும் சீராக நினைத்து அவரே போய் நட்டுவிட்டு வந்தார்.

அது கோடையிலும் வளர்ந்தது, மழையிலும் வளர்ந்தது. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் வெட்டியாக வேண்டும். வெட்டியதைப் பழைய கயிற்றுத் துண்டால் மூன்று சுற்று இறுக்கிக் கட்டி, நுனியை உள்ளே செருகி, ஓடுகிற வாய்க்காலில் விட்டுவிடுவார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மிதந்து போய்விடும். அவர் போன பிறகு கொல்லையில் இலை போடாமல் சாப்பிடலாம் என்பார்கள். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. தண்ணீர் எல்லாவற்றையும் கடலில் கொண்டு சேர்த்துவிடும் என்று மனதார நம்பினார். போகிற வழியில் என்ன இருக்கிறது என்று யார் யோசித்தார்கள்? நீங்களும் நானும் யோசிக்கிறோமா என்ன?

எண்பத்தொன்று சித்திரையில் மகளைப் பார்க்கப் போனார். மருமகன் கருப்பையன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனுக்குக் குத்தகை நிலம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். இரண்டு வருஷமாகத் தண்ணீர் மடைக்கு வரவில்லை. நாற்று விட்டது விட்டபடியே காய்ந்தது.

"இந்த ஆடிக்கும் வரலைன்னா நிலத்தைச் சொந்தக்காரர்கிட்டயே குடுத்துட்டுக் கூலி வேலைக்குப் போயிடப் போறாராம்பா" என்றாள் செல்லம்மா. "மேல உள்ளவங்க யாரோ அடைச்சு வச்சிருக்காங்க."

முத்தையனுக்குக் கோபம் தலைக்கேறியது. எவன் அவன் என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று அரிவாளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேற்கே நடந்தார். தூரம் போகவில்லை. கல் மதகடியில் வாய்க்காலே தெரியவில்லை. கரைக்குக் கரை காட்டாமணக்கு, தலைக்குமேல் வளர்ந்து பூத்துக் கிடந்தது. இறங்கி ஒரு தூரைப் பிடித்து இழுத்தார். சேற்றோடு ஒரு கட்டு வந்தது. கட்டின் ஒவ்வொரு குச்சியிலும் வேர், ஒவ்வொரு கணுவிலும் துளிர். நடுவில் கயிறு மூன்று சுற்று. நுனி உள்ளே செருகியிருந்தது.

அவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். சொந்த மகளின் சோற்றில் மண்ணைப் போட்டிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போய், "செடி மண்டிக் கெடக்கு, நான் வெட்டித் தரேன்" என்று மட்டும் சொன்னார்.

மகள் வீட்டிலேயே தங்கி, தினம் விடிந்ததும் வாய்க்காலில் இறங்கினார். ஒரு வாரம் வெட்டியதைக் கரையில் குவித்து வைத்தார். வைகாசியில் கோடை மழை ஒன்று பெய்தது. நாலாம் நாள் பார்த்தால் குவியல் முழுக்கப் பச்சை. கரையிலும் வேர் விட்டுவிட்டது சனியன்! அன்றைக்குத்தான் அதன் குணம் அவருக்கு முழுசாகப் பிடிபட்டது. மறுபடி எல்லாவற்றையும் பிடுங்கினார். கருங்கல்லின்மேல் பனைமட்டையைப் போட்டு, தரையில் படாமல் அடுக்கி, வெயிலில் காயவைத்தார். காய்ந்ததைச் செல்லம்மா நெல் அவிக்க எடுத்துக்கொண்டாள். புகைதான் கண்ணைக் கரித்தது.

கருப்பையனும் பிறகு கூடவே இறங்கினான். டீக்கடையில் போய், "மாமனார்னா இப்படி இருக்கணும். நம்ம வாய்க்காலுக்கு அவரு வந்து வேலை செய்யறாரு" என்று பெருமையடித்தான். கடைக்காரர் அவருக்கு டீயில் ஏடு போட்டுக் கொடுத்தார். முத்தையன் அதைப் பாதியிலேயே வைத்துவிட்டு வாய்க்காலுக்குப் போய்விட்டார்.

ஆடி பிறந்து ஐந்தாம் நாள் தண்ணீர் வந்தது. மதகைத் தாண்டி, நுரையும் சருகுமாகப் புரண்டு, கருப்பையனின் மடைக்குள் திரும்பியது. அவன் இடுப்பில் வைத்திருந்த புதுத் துண்டை எடுத்து மாமனார் தோளில் போடப் போனான்.

"வேணாம் மாப்ளே." முத்தையன் அதைத் தடுத்தார். "அடைச்சது வேற யாருமில்ல, நான்தான். நாலு வருசமா எங்க ஊரு வேலியெல்லாம் வெட்டிக் கட்டிக் கட்டி இதுலதான் விட்டேன். மதகடியில நான் கயிறு போட்ட கட்டையே பார்த்தேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

கருப்பையன் முகம் கறுத்தது. "ரெண்டு வருச வெள்ளாமை மாமா" என்றான். துண்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டான். செல்லம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தண்ணீர் மட்டும் தன் பாட்டுக்கு ஓடியது. அவர்கள் மடை வரைக்கும்தான் வெட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே வாய்க்கால் மறுபடி பச்சைப் புதராகக் கிடந்தது. தண்ணீர் அதில் முட்டித் தேங்கி நின்றதைக் கருப்பையன் ரொம்ப நேரம் பார்த்தான்.

"நம்ம வூட்டு வேலியும் அதுதானே மாமா, நீங்க நட்டது" என்றான் மெதுவாக. "அதை வெட்டி நான் மட்டும் எங்க போட்டேன்? இந்த மடைக்குக் கீழதான் போட்டேன்."

"கீழ யாரோட வெள்ளாமை?"

"ஆஸியா பீவியம்மாவோடது. நாலு மா. ரெண்டு வருசமாத் தரிசு. மவன் ஓடிப்போயிட்டான், ஆளில்லாமப் போட்டுட்டாங்கன்னு நாங்கல்லாம் பேசிக்கிட்டிருந்தோம்."

முத்தையன் எழுந்தார். கருப்பையனும் எழுந்தான். சேற்றுக் காலோடு இருவரும் ஆஸியா பீவியின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அந்த அம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். முத்தையனே எல்லாவற்றையும் சொன்னார். புயல், வேலி, கட்டு, வாய்க்கால், எதையும் மறைக்கவில்லை. நாளையிலிருந்து கீழ்வாய்க்காலை வெட்டப்போவதாகவும், சம்பாவுக்கு நாற்று விட இன்னும் நாள் இருப்பதாகவும் சொன்னார். அந்த அம்மாள் வைவார், வைதால் வாங்கிக்கொள்வோம் என்று நின்றார்.

ஆஸியா பீவி வையவில்லை. நாற்றைப் பற்றியும் கேட்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி வரல, தண்ணி வரலன்னு கமாலுதீன் தலைதலையா அடிச்சுக்கிட்டான். அடுத்த வாய்க்கால்காரங்கல்லாம் மடைய வெட்டி விட்டுக்கறாங்க, நீ சோம்பேறி, பொய் சொல்றேன்னு ஏசி, சோத்துத் தட்டைப் பிடுங்கிட்டேன். அன்னைக்குப் போனவந்தான், பம்பாய்ல இருக்கானாம். ஒரு காயிதம் இல்ல."

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அப்ப எம் மவன் சொன்னது நெசந்தானா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"நெசந்தாம்மா" என்றார் முத்தையன்.