சமையல் புத்தகம் கேட்ட வாசகர்

எங்கள் வாப்பா பேச்சுக்குப் பஞ்சம் பிடித்த மனிதர். சலாம் சொன்னால் பதில் சொல்லுவார், சோறு போட்டால் போதும் என்பார், அதற்கு மேல் ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து எடுப்பதென்றால் கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பது மாதிரித்தான். "வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும் எண்டு சொல்லுவாங்க, உன்ட வாப்பா எப்பிடிப் பிழைக்கப் போறாரோ" என்று பக்கத்து வளவிலிருந்த மாமி கேட்பார். மாமி வாப்பாவின் கூடப்பிறந்த தங்கைதான். அந்தக் குடும்பத்துக்கென்று அளந்து வைத்த பேச்சு முழுவதையும் அவர் ஒருத்தியே எடுத்துக்கொண்டுவிட்டார் என்பது என் முடிவு.

வாப்பா கிண்ணியாவில் ஒரு கிளை நூலகத்தில் தற்காலிக உதவியாளராக இருந்தார். புத்தகம் அடுக்குவார், தூசு தட்டுவார், பேப்பர் பார்க்க வந்து கதிரையிலேயே உறங்கிப் போகிற பெரியவர்களைப் பூட்டும் நேரத்தில் தட்டி எழுப்புவார். உம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தார். போகும்போது என்னை மடியில் வைத்துக்கொண்டு, வாப்பாவுக்கு வேலை நிரந்தரமானதும் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். அந்தச் சொல்லை நான் ஸ்கூல் பையில் கிடக்கிற வீட்டுக் கதவுத் திறப்பைப் போல எப்போதும் வைத்திருந்தேன்.

வேலை நிரந்தரமாவதற்கு நூலக, தகவல் முகாமைத்துவத்தில் டிப்ளோமா வேண்டுமென்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். வாப்பா கொழும்பு வகுப்பில் சேர்ந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறினால் ஞாயிறுதான் திரும்புவார். புத்தகம் அடுக்குகிறதுக்கும் ஒரு படிப்பா, இனி ஆடு கட்டுகிறதுக்கும் கொழும்புக்குப் போகச் சொல்லுவாங்கள் என்று மாமி சிரித்தார். சிரித்தாலும் அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு போட்டவர் அவர்தான்.

மாமி வீட்டில் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்குள் அடிபட்டு, அவர்களுக்குள்ளேயே கூடிக்கொள்ளுவார்கள். என்னை ஒருவரும் அடிக்கவில்லை, விருந்தாளியை யார் அடிப்பார்கள்? அதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. கிழமை நாட்களில் எங்கள் வீட்டை நானே திறந்து நானே உள்ளே போவேன். குடாவுக்கு அந்தப் பக்கத் துறைமுகத்துக்குக் கோதுமைக் கப்பல் வந்து ஊதினால், வீட்டில் யாரோ வந்து கூப்பிட்டது போல ஒருதரம் வாசலுக்குப் போய்ப் பார்ப்பேன். கப்பல் என்று தெரியும். தெரிந்தும் போவேன்.

வாப்பாவுக்கு எழுத்துப் பரீட்சையில் பயமில்லை. புத்தக முதுகில் ஒட்டுகிற பகுப்பெண்களை அவர் குர்ஆன் சூரா மாதிரி ஒப்புவிப்பார். செய்முறைப் பரீட்சைதான் அவரைப் பிடித்து ஆட்டியது. பரீட்சகர் ஒருவர் வாசகர் போல மேசைக்கு முன்னால் வந்து நிற்பாராம். அவருக்கு உண்மையில் என்ன வேணுமென்று வாப்பா கேள்வி கேட்டே கண்டுபிடிக்க வேண்டுமாம். பேசவே தெரியாத மனிதருக்கு இப்படி ஒரு சோதனை. பழகிப் பார்க்க அவருக்கு ஒரு வாசகர் தேவைப்பட்டார். வீட்டில் இருந்தது நான் மட்டும்தான்.

பொழுதுபட்டு மஃரிப் தொழுத பிறகு சாப்பாட்டு மேசையைக் குறுக்கே இழுத்துப் போடுவோம். அந்தப் பக்கம் அவர் கதிரையில் இருப்பார். நான் சமைக்கிற குசினிக் கதவைத் தட்டிவிட்டு வாசகராக வருவேன். முதல் நாள் அவர் பாடக் குறிப்பில் இருந்த உதாரணத்தை எனக்கு விளங்கப்படுத்தினார். ஒரு ஆள் வந்து சமையல் புத்தகம் கேட்கிறார். உடனே தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது. யாருக்குச் சமைக்கப் போறீங்க என்று கேட்க வேண்டும். வீட்டில் சீனி வருத்தக்காரர் இருக்கலாம், கல்யாண வீடு இருக்கலாம், சமைக்கிற ஆள் இல்லாமல் போயிருக்கலாம். ஆட்கள் வாயில் வந்ததைத்தான் கேட்பார்கள், மனதில் உள்ளதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள், அதை நாங்கள்தான் பக்குவமாக விசாரிக்க வேண்டும் என்றார். வாப்பா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு நான் யாராகத்தான் வரவில்லை! சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தோணிக்காரராக வந்தேன். மூக்குக் கண்ணாடி போட்டு மூதூர் டீச்சராக வந்தேன். உம்மாவின் பழைய சால்வையைப் போட்டுக்கொண்டு புதுப்பெண்ணாகவும் வந்தேன். வாப்பா ஒவ்வொருவரையும் முகம் பார்த்து விசாரித்தார். உம்மா போன பிறகு, சாப்பிட்டாயா, படித்தாயா என்பதைத் தாண்டி என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது ஒரு மனிதர் எனக்கு என்ன வேணுமென்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நான் பகல் முழுவதையும் கழித்தேன்.

ஒருநாள் வேடம் ஒன்றும் போடாமல் போய், குவைத்தைப் பற்றிப் புத்தகம் இருக்கா என்று கேட்டேன். நாட்டைப் பற்றியா, பாஷையைப் பற்றியா என்று வாப்பா கேட்டார். அங்கிருந்து பிளேன் வர எவ்வளவு நேரமென்று பார்க்க வேணும் என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"அது ஏன் மகள் உங்களுக்குத் தெரிய வேணும்?"

"உம்மா எப்ப வாறா எண்டு பார்க்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு எங்கள் நூலகத்தில் புத்தகம் இல்லை என்றார். பிறகு, நான் பாஸ் பண்ணினால் வந்திடுவா என்றார். நீங்க கட்டாயம் பாஸ் பண்ணுவீங்க, என்னிடம் இவ்வளவு கெதியாகக் கண்டுபிடித்துவிட்டீங்களே என்று நான் தைரியம் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, முழுசாக நம்பித்தான் சொன்னேன்.

வாப்பா பாஸ் பண்ணினார். கொஞ்ச நாளில் நிரந்தர நியமனமும் வந்தது. மாமி இனிப்புக்கு வட்டிலப்பம் அவித்து, படித்தவருக்கு என்று சொல்லித் தன் அண்ணன் வாயில் தானே ஊட்டிவிட்டார். அன்றைக்கே உம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தோம். உம்மா மாஷா அல்லாஹ் என்றார். பிறகு போனைச் சரித்துவிட்டார், எங்களுக்கு அந்த வீட்டுக் குசினியின் முகடுதான் தெரிந்தது. நான் எப்போ வாறீங்க என்று கத்தினேன். வாப்பா என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். முருங்கை மரத்தடியில் நெடுநேரம் நின்றார். பேசியதெல்லாம் அந்தப் பக்கம்தான் போலிருக்கிறது, இவர் வாய் அசைந்ததை நான் காணவில்லை.

இரண்டொரு நாள் கழித்து, மஃரிபுக்குப் பிறகு வாப்பா தானாகவே மேசையைக் குறுக்கே இழுத்துப் போட்டார். பரீட்சைதான் முடிந்துவிட்டதே என்றேன். இண்டைக்கு நீங்க நூலகர், நான் வாசகர் என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவருடைய கதிரையில் ஏறி இருந்து, அவருடைய கண்ணாடியையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். அவர் குசினிக் கதவைத் தட்டிவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சமையல் புத்தகம் ஏதும் இருக்குமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாப்பாவுக்குத் தெரிந்தது பருப்பும் முட்டைப் பொரியலும்தான், அதிலும் பருப்பு அடிப்பிடித்துவிடும். உம்மா வருகிற அன்றைக்கு நல்லதாக ஆக்கிப் போடப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஓடிப்போய் அலுமாரிக்குள் கிடந்த உம்மாவின் அட்டை கிழிந்த சமையல் புத்தகத்தை எடுத்து வந்து நீட்டினேன். இரண்டு கிழமைக்குள் திருப்பித் தர வேணுமென்று கண்டிப்பாகவும் சொன்னேன். வாப்பா வாங்கினார். வாங்கியும் போகாமல் மேசைக்கு முன்னாலேயே நின்றார்.

"வேற ஒண்டும் கேக்க இல்லையா, மகள்?"

"நீங்க கேட்டதைத் தந்திட்டனே."

"ஓம். தந்திட்டீங்கதான்."

அவர் குசினிக்குப் போய், பலகையில் குந்தி இருந்து, பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

உம்மா இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டார் என்பதை அடுத்த கிழமை மாமிதான் எனக்குச் சொன்னார். அந்த வீட்டுக் கிழவி படுக்கையாகிவிட்டாராம், விட்டுவிட்டு வர ஏலாதாம். அதுதான் காரணமா, அதற்குப் பின்னால் வேறேதும் இருந்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது. வாப்பாவுக்கும் தெரிந்திருக்காது. எத்தனையோ வாசகரின் மனதை விசாரித்து எடுத்த மனிதர், உம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார். சோற்றுக்கு ஊற்றிக்கொள்ள மீன் ஆணம் வைக்க மட்டும் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டார். இப்போதும் மாமியின் ஆணத்தை விட அவருடையது ருசி.

ஆனால் அந்த மேசையில் இருந்த அன்று இரவு இது ஒன்றும் எனக்குத் தெரியாது. யாருக்குச் சமைக்கப் போறீங்க என்று ஒரே ஒரு கேள்வி. அதை எனக்குச் சொல்லித் தந்தவரே வந்து, அதற்காகவே என் முன்னால் காத்துக்கொண்டு நின்றார். நானோ, கேட்ட புத்தகத்தை ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்த கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, உம்மாவைக் கூட்டிவர எயார்போர்ட்டுக்குப் போகும்போது எந்தச் சட்டையைப் போடுவது என்று அலுமாரியைத் திறந்து பார்க்கத் தொடங்கினேன்.