மேகத் தொட்டியில் ஒரு சொட்டு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் பளபளா. தூசி என்றால் அவளுக்கு ஜென்மப் பகை. கணவர் நாற்காலியை விட்டு எழுந்தால் போதும், துணியோடு வந்து நிற்பாள். “நல்லவேளை, என்னைத் துடைச்சு அலமாரியில வைக்கல” என்பார் பஸ் ஓட்டும் அந்த மனிதர்.

அவளுடைய வேலை மேகத் தொட்டியைக் கழுவுவது. மாடி உயர எஃகுத் தொட்டி. வடிகட்டிய காற்று, மரங்கள் விடும் வாசனை ஆவி, கொஞ்சம் ஈரம், இவற்றை உள்ளே செலுத்தி மேகம் வளர்ப்பார்கள். எதற்கு என்று ஆய்வை நடத்தும் பெரிய மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆலைப்புகை வருமுன் மேகங்கள் எப்படிப் பிறந்தன என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. நம் புகைத்தூளால் கூடிய மேகம் வெயிலைத் தடுத்து, பூமி சூடாவதில் ஒரு பங்கை மறைத்து வைத்திருக்கிறது. எவ்வளவு பங்கு? பழைய மேகம் புரிந்தால்தான் அது புரியும். கேட்டதும் அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அன்று மாலை வானத்தை அண்ணாந்து பார்த்தபடியே நின்று பஸ்ஸைத் தவறவிட்டாள், அதுவும் கணவர் ஓட்டிய பஸ்ஸை.

இந்த முறை தொட்டியில், மேகத்துக்கு விதையாகும் துகள்கள் கண்டபடி பெருகின. மர ஆவி மட்டுமே இதைச் செய்தது என்ற மகிழ்ச்சியில் பெரிய மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுரைகூடத் தயார். “அம்மோனியா துளி இருந்தாலும் இப்படிப் பெருகும், ஆனா நம்ம தொட்டியில அதுக்கு வழியே இல்ல” என்று அவர் பெருமையாகச் சொன்னபோது பளபளாவின் துணி பாதித் துடைப்பில் நின்றது. சுத்தத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தொட்டியில் படக்கூடாது. ஆனால் கடைசியாகக் கழுவியபோது கதவின் ரப்பர் வளையத்தில் ஒரு கறை அவளைப் பார்த்துப் பல்லிளித்தது. வீட்டில் ஜன்னல் துடைக்கும் நீல மருந்தை ஒரு சொட்டு துணியில் தொட்டுத் துடைத்திருந்தாள். அந்தப் பாட்டிலில் அம்மோனியா என்றுதான் போட்டிருந்தது.

அன்றிரவு அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, “வாயைத் திறக்காதே, வேலை போயிடும்” என்றார் கணவர்.

“பொய் மேகத்தை உலகமே நம்பிட்டா என்னங்க பண்றது?”

மறுநாள் மேடத்தின் முன்னால் போய் நின்றாள். “அது மரத்தால வந்ததில்ல மேடம். நான் பண்ணது.”

சொல்லி முடித்ததும் மேடத்தின் முகம் செத்துப்போனது. “ஒரே சொட்டா?” என்று கேட்டார். கோபமா வியப்பா என்று தெரியவில்லை. “கட்டுரை போச்சு. சரி, நாளைக்குச் சீக்கிரம் வாங்கக்கா. முதல்லேர்ந்து கழுவணும்.” அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கழுவினார்கள், தொட்டியைச் சூடேற்றி உலர்த்தினார்கள், மறுபடி நிரப்பினார்கள். இருவரும் கண்ணாடித் துளையில் முகம் வைத்துப் பார்த்தார்கள். உள்ளே ஒன்றுமேயில்லை. பிறகு விளக்கொளியில், இருக்கிறதா இல்லையா என்பதுபோல மெல்லிய வெண்மை அசைந்தது.

“மனுஷங்க புகை விடறதுக்கு முன்னாடி மேகம் இப்படித்தான் இருந்துச்சா மேடம்?”

“தெரியலக்கா. இன்னும் யாருக்கும் தெரியல.”

அவள் மூச்சுபட்டு வெளிக் கண்ணாடி மங்கியது. துடைக்கத் துணியை உயர்த்தினாள். ஒரு கணம் யோசித்துவிட்டு, மங்கல் தானாகவே மறையட்டும் என்று துணியைக் கீழே வைத்து மூச்சை அடக்கிக்கொண்டாள்.