என் பாட்டை நானே தப்பாகப் பாடினேனாம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்தில் நடந்தது இது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அம்மன் கோயில் முளைப்பாரித் திருவிழாவில் பாட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

எனக்கு ஊர் ராஜபாளையம். பஞ்சு மில்லில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டுக் கட்ட ஆரம்பித்தவள். காதுகுத்து, கோயில் கொடை, கல்யாணம் என்று பன்னிரண்டு வருடங்களாக மேடை ஏறுகிறேன். நானே எழுதி, நானே மெட்டுப் போட்டுப் பாடுகிறேன் என்று சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. நாட்டுப்புறப் பாட்டை யாராவது எழுதுவார்களா, அது தானாக வருவதுதானே என்பார்கள். தானாக வர அது என்ன கோரைப்புல்லா? ஒரு வரிக்காக யோசித்துக்கொண்டே நின்று எத்தனை நாள் சோற்றைத் தீய விட்டிருக்கிறேன் என்று என் அடுப்புக்குத்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் மேடை ஏற இன்னும் நேரம் இருந்தது. கோயில் வாசலில் முளைப்பாரியை நடுவில் வைத்துப் பெண்கள் கும்மியடித்துக்கொண்டிருந்தார்கள். காதைக் கொடுத்துக் கேட்டால், என் பாட்டு. லீவு முடிந்து ரயிலேறும் பட்டாளத்துக்காரனைப் பார்த்து மனைவி பாடுவதாக நான் கட்டியது. அதற்கு மூன்று வருடம் முன்புதான் யூடியூபில் போட்டிருந்தேன். சந்தோஷம் தாங்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு நானும் வட்டத்துக்குள் புகுந்தேன்.

'ரயிலேறிப் போற மச்சான், ராப்பகலா நானழுவேன்' என்று நான் பாட, மற்றவர்கள் வேறு எதையோ பாடினார்கள். கைதட்டு தடுமாறியது. முன்னால் பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்த அக்கா கும்மியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, தெரியலைன்னா சும்மா கையத் தட்டு. தப்பாப் படிச்சுக் கும்மியக் குலைக்காத.”

“அக்கா, இது நான் எழுதுன பாட்டு.”

“கும்மிப்பாட்ட யாரு தாயி எழுதுதா? எங்க அத்தை காலத்துல இருந்து படிச்சிட்டு வாரோம்.”

மூன்று வயதுப் பாட்டுக்கு அத்தை காலமாம். போனை எடுத்து என் வீடியோவைக் காட்டினேன். “நீயும் இதப் படிச்சிருக்கியாக்கும். கொரலு நல்லாத்தான் இருக்கு” என்றார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

எனக்கும் வீம்பு வந்துவிட்டது. மேடை ஏறியதும் முதல் வேலையாக மைக்கில், 'இது நான் கட்டிய பாட்டு, சரியான வரிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்' என்று அறிவித்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். அந்த ரயில் வரி வந்தது. கீழே இருந்த பெண்கள் மொத்தமாகச் சேர்ந்து என் குரலை அமுக்கிவிட்டார்கள்.

'ரயிலேறிப் போற மச்சான், ரிப்பேரு மோட்டாரப் பாத்துட்டுப் போ.'

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. லீவில் வந்திருந்த பட்டாளத்துக்காரர்கள் சிலர் நெளிந்தார்கள். என் பாட்டுக்கு அப்படி ஒரு சிரிப்பு அதுவரை விழுந்ததே இல்லை. அவமானத்தில் எனக்கு அடுத்த வரி மறந்துபோனது. அதையும் அவர்களே பாடி முடித்தார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் அந்த அக்கா மேடைக்குப் பின்னால் வந்தார்.

“எங்க வீட்டுக்காரவுகளும் மிலிட்டரிதான். பதினெட்டு வருசமா ரயிலேத்தி விடுதேன். நீ எழுதுன மாதிரி ராப்பகலா அழுதுகிட்டு நின்னா கெணத்து மோட்டார யாரு பாப்பா, பயிருக்கு யாரு தண்ணி பாய்ச்சுவா? அதான் நான் மாத்திட்டேன்.”

“அப்போ அத்தை காலத்துப் பாட்டுன்னு சொன்னிய?”

அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் விரலை நீட்டினார். “இனிமே எங்க படிச்சாலும் அந்த ஒரு வரி என்னோடதுன்னு சொல்லிட்டுப் படி. சும்மா எடுத்துக்கிடாத” என்றார்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. முழுப் பாட்டையும் கட்டியவளை நம்பாதவர் ஒற்றை வரிக்கு உரிமை கேட்கிறார். நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று வாயெடுத்தபோதுதான் உறைத்தது. ஒரு வரி தன்னுடையது என்றால் மீதியெல்லாம் என்னுடையது என்று ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்? மேடை ஏறிய அத்தனை வருடங்களில் அதை ஒப்புக்கொண்ட முதல் ஆள் அவர்தான். அதோடு, ரயிலேற்றிவிட எனக்கு யாரும் இருந்ததில்லை. அந்த அழுகையை நான் உட்கார்ந்த இடத்தில் கற்பனையாகத்தான் எழுதியிருந்தேன்.

சரி அக்கா, சொல்லிவிட்டே பாடுகிறேன் என்றேன். இப்போதும் எந்த மேடையிலும் அப்படித்தான் செய்கிறேன். ஜனங்கள் கைதட்டுவதும் சரியாக அந்த வரிக்குத்தான். ஒவ்வொரு தடவையும் எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த வாழ்க்கையை வாழ்கிறவர்கள் திருத்திக் கொடுத்த பிறகுதான் அது பாட்டாக ஆனது என்பதை என்னால் மறுக்க முடியவில்லை.